வேதாளரை இன்றைய காலத்துக்குக் கொண்டுவருவது எப்படி? ஒரு ரசிகனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதாளர் பேச்சை எடுத்தால் போதும், நண்பர்கள் வட்டத்தில் இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒரு கட்சி ஒரு புள்ளியைக்கூட மாற்றாதே என்கிறது. இன்னொன்று எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு முதலிலிருந்து எழுது என்கிறது. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கதையே தெரியாதவருக்கு வேதாளர் யார் என்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

லீ ஃபாக் என்ற அமெரிக்கர் எழுத, ரே மூர் வரைய, 1936 பிப்ரவரி 17 அன்று பத்திரிகைகளில் தினசரி ஸ்ட்ரிப்பாக, அதாவது நாளுக்குச் சில கட்டங்கள் வரும் படக்கதையாகத் தொடங்கியது 'தி ஃபேண்டம்'. நமக்கு அவர் முத்து காமிக்ஸில் வேதாளர், ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவி. 1536-ல் கடற்கொள்ளையர்கள் ஒரு கப்பலைத் தாக்கி எல்லாரையும் கொன்றுவிட, ஒரே ஓர் இளைஞன் மட்டும் பங்கல்லா என்ற கற்பனை நாட்டின் கரையில் ஒதுங்குகிறான். பந்தர் இன மக்கள் அவனைக் காப்பாற்றுகிறார்கள். தன் தந்தையைக் கொன்றவனின் மண்டை ஓட்டின் மேல் கைவைத்து, கொள்ளை, பேராசை, கொடுமை, அநீதி எந்த உருவத்தில் வந்தாலும் அதை ஒழிப்பேன், எனக்குப் பின் என் மகனும் அவன் மகனும் இதையே செய்வார்கள் என்று அவன் சத்தியம் செய்கிறான். அன்றிலிருந்து அப்பா செத்தால் பிள்ளை அதே முகமூடியைப் போட்டுக்கொள்கிறான். வெளியில் இருப்பவர்களோ ஒரே ஆள் நானூறு வருடமாகச் சாகாமல் இருக்கிறார் என்று நம்புகிறார்கள். இப்போது இருப்பவர் 21-வது வேதாளர். மந்திரம் கிடையாது, பறக்கும் சக்தி கிடையாது. குதிரை ஹீரோ, ஓநாய் டெவில், இரண்டு துப்பாக்கி, விரலில் மண்டையோட்டு மோதிரம், அவ்வளவுதான்.

நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருக்கிறது, எதற்கு நவீனமாக்க வேண்டும்?

பழைய கதைகள் நன்றாக இருக்கின்றன, அவற்றை யாரும் தொட வேண்டாம். ஆனால் இது முடிந்துபோன தொடர் இல்லை. ஃபாக் 1999 மார்ச்சில் இறந்த பிறகு டோனி டிபால் எழுதத் தொடங்கினார், இன்றும் புதுக் கதைகள் வருகின்றன. ஆஸ்திரேலியாவில் ஃப்ரூ என்ற நிறுவனம் 1948 முதல் வேதாளர் புத்தகங்களை விடாமல் வெளியிடுகிறது. புதுக் கதை எழுதுகிறவர் ஏதோ ஒரு காலத்தில் நின்றுதானே எழுத வேண்டும்? 2020-களில் உட்கார்ந்துகொண்டு 1936-ல் ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகை வாசகருக்கு ஆப்பிரிக்காவும் ஆசியாவும் எப்படித் தெரிந்ததோ அப்படியே எழுதினால், அது படிக்கிறவரை ஏமாற்றுவது மாதிரி. அதனால் மாற்றம் வேண்டுமா என்ற கேள்வியில் நான் நேரம் செலவிடுவதில்லை. எதை மாற்றுவது, எதில் கைவைக்கக் கூடாது என்பதில்தான் எனக்குச் சண்டையே.

லீ ஃபாக் உருவாக்கியதை மாற்ற நமக்கு என்ன உரிமை?

இதைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஃபாக் அளவுக்கு வேதாளரை மாற்றியவர் வேறு யாருமே இல்லை. முதல் கதையிலேயே தொடங்கிவிட்டார். ஜிம்மி வெல்ஸ் என்ற பணக்கார இளைஞன்தான் இரவில் முகமூடி போட்டுக்கொண்டு வருகிறான் என்று காட்டுவதாகத்தான் ஆரம்பத்தில் திட்டம். கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிட்டு, காட்டையும் தலைமுறைக் கதையையும் கொண்டுவந்தார். நாம் இன்று உயிராக நினைக்கும் அந்த வம்சம், அந்தச் சத்தியம், அவர் வாழும் அந்த மண்டையோட்டுக் குகை எல்லாமே வழியில் மனதை மாற்றிக்கொண்டதால் கிடைத்தவை.

அப்புறம் அந்த நாடு. ஆரம்பக் கதைகளில் அது ஆசியாவில், இந்தியாவை ஒட்டி எங்கேயோ இருக்கிறது. புலி வரும், மகாராஜா வருவார். பின்னாளில் மெல்ல மெல்ல நகர்ந்து ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. 1960-களில், ஆப்பிரிக்காவில் ஒன்றன்பின் ஒன்றாக நாடுகள் விடுதலை பெற்றுக்கொண்டிருந்த அதே நேரத்தில், பங்கல்லாவையும் ஃபாக் தேர்தல் நடக்கிற குடியரசாக ஆக்கினார். மருத்துவரான லமாண்டா லுவாகா தேர்தலில் வென்று அதிபராகிறார், ஜெனரல் பபாபு ஆட்சியைப் பிடிக்கப் பார்க்கிறான், வேதாளர் லுவாகா பக்கம் நிற்கிறார். யோசித்துப் பாருங்கள், முப்பது வருடமாக ஒரே மாதிரி ஓடிய தொடரில், பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்த செய்தியை உள்பக்கத்துக் காமிக்ஸுக்குள் கொண்டுவந்திருக்கிறார் மனிதர்.

1977-ல் வேதாளருக்கும் டயானா பால்மருக்கும் கல்யாணம். 1979-ல் கிட், ஹெலோயிஸ் என்று இரட்டைக் குழந்தைகள். நாற்பது வருடம் காதலித்துக்கொண்டே இருந்த ஜோடிக்கு ஒரு நாள் கல்யாணம் செய்து வைப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று தொடர்கதை எழுதுகிறவர்களுக்குத் தெரியும். ஃபாக் செய்தார். அதனால் 'மூலத்தைக் காப்பாற்றுகிறேன்' என்று சொல்லி எதையும் அசைக்காமல் வைத்திருப்பதுதான் அவருடைய பழக்கத்துக்கு நேர் எதிரானது.

காட்டில் ஒரு வெள்ளைக்காரர் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் கறுப்பின மக்கள் நின்று வணங்குகிறார்கள். இதை இன்று எப்படி ரசிக்க முடியும்?

இருக்கிற கேள்விகளிலேயே கனமானது இதுதான். 'அந்தக் காலத்தில் அப்படித்தான்' என்று சொல்லித் தப்பித்துப் போகிறவர்கள்மீது எனக்குக் கோபம் வரும். அந்தச் சித்திரம் ஒரு காலனியக் கனவு, அதில் சந்தேகமே இல்லை. காட்டில் இருக்கும் மக்களால் தங்கள் சண்டையைத் தாங்களே தீர்த்துக்கொள்ள முடியாது, வெளியிலிருந்து வந்த ஒரு குடும்பம் வந்து சமாதானம் செய்து வைக்க வேண்டும் என்பது பல பழைய கதைகளின் அடியில் இருக்கிறது. சின்ன வயதில் படித்தபோது கண்ணில் படவில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது.

அதே சமயம் இன்னொன்றும் உண்மை. இந்தக் கதையை உலகத்தில் அதிகம் நேசித்தவர்களில் பாதிக்கு மேல் வெள்ளைக்காரர்கள் இல்லாத நாடுகளில் இருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, நம்மையும் சேர்த்துத்தான். பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில், வாகி பள்ளத்தாக்கில், இனக்குழுச் சண்டைக்கு எடுத்துப்போகும் கேடயங்களில் வேதாளரை வரைந்துகொண்டார்கள். சாகாத ஆள், அவர் படம் இருந்தால் நமக்கும் காப்பு என்ற எண்ணம். அந்தக் கேடயங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அங்கே யாரும் வேதாளரை வெள்ளைக்கார எஜமானாக எடுத்துக்கொள்ளவில்லை, தங்களில் ஒருவராக்கிக்கொண்டார்கள். இதனால் பழைய கதையின் குற்றம் கழுவப்பட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. கதையில் வேறு ஏதோ ஒன்றும் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம் என்கிறேன்.

எப்படிப் போகலாம்? என் கருத்து இது. முதலில் பந்தர் மக்களுக்கு வாய் கொடுங்கள். 1536-ல் கரையில் ஒதுங்கியவனைத் தூக்கி வந்து, மருந்து போட்டு, குகையைக் காட்டி, சொல்லப்போனால் முதல் வேதாளரை உருவாக்கியதே அவர்கள்தான். ஒவ்வொரு தலைமுறை ரகசியத்தையும் காத்தவர்கள் அவர்கள். அம்புநுனி விஷம் அவர்களுடையது, காட்டின் எல்லை அவர்களுடையது. நானூற்றுச் சொச்சம் வருடம் இந்த ஏற்பாட்டை ஒரு சமூகம் ஏன் தொடர்ந்து ஒப்புக்கொண்டது, எப்போதாவது மறுத்ததா, பந்தர் தலைவர் குரனின் குடும்பத்தில் யாராவது 'நமக்கு எதற்கு இந்த முகமூடிக்காரர்' என்று கேட்டார்களா? இந்தக் கேள்வியை வைத்தே பத்துக் கதை எழுதலாம். குரன் நண்பர், ஆலோசகர் என்று காட்டப்படுகிறார், சரி. ஆனால் அவர் தனியாக எடுத்த முடிவு ஒன்று கதையின் போக்கையே மாற்றுவதை நாம் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்? தமிழில் 'குள்ளர்கள்' என்று எழுதும் வழக்கத்தையும் இத்தோடு விட்டுவிடலாம். பந்தர் மக்கள் என்ற பெயரே போதும், அழகாகவும் இருக்கிறது.

இரண்டாவது, பங்கல்லா அரசாங்கத்துக்கும் வேதாளருக்கும் நடுவில் இருக்கும் உரசலைக் காட்டுங்கள். ஒரு குடியரசுக்குள் முகம் தெரியாத ஒருவர் தனிச் சட்டம் நடத்துகிறார், காட்டு ரோந்துப் படைக்கு யாரும் பார்த்திராத தளபதியாகவும் அவரே இருக்கிறார். லுவாகா நல்லவர், நண்பர். அடுத்து வரும் அதிபர், அவரும் நேர்மையானவராகவே இருந்து, 'இந்தப் படை யாருக்குப் பதில் சொல்கிறது' என்று நாடாளுமன்றத்தில் கேட்டால்? அந்த அதிபரை வில்லனாக்காமல் எழுத ஒருவருக்குத் துணிச்சல் இருந்தால் நான் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

வில்லன்களான சிங் கொள்ளையர்களின் பெயரை மாற்றலாமா?

மாற்றலாம், மாற்றியும் இருக்கிறார்கள். கோடிக்கணக்கான மக்கள் வைத்திருக்கும் பெயரைத் தலைமுறை தலைமுறையாகக் கொள்ளையடிக்கும் கூட்டத்துக்கு வைத்தது அறியாமை. 1964-ல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் அதைச் 'சிங்கா' என்று மாற்றிக்கொண்டது, நாட்டின் பெயரையும் டெங்காலி என்று ஆக்கியது. 1996-ல் வந்த ஹாலிவுட் படம் 'செங்' என்று வைத்தது. கதைக்கு ஒரு சேதமும் இல்லை. பெயர் மாறினால் பாரம்பரியம் போச்சு என்கிறவர்கள் இந்திரஜாலில் படித்துத்தான் ரசிகர்கள் ஆனார்கள் என்பதை நினைத்துப் பார்க்கட்டும்.

அந்த ஊதா நிற உடை? பேன்ட்டுக்கு மேல் கோடு போட்ட ஜட்டி? அதையாவது மாற்றக் கூடாதா?

கூடாது. நிறத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஃபாக் மனதில் இருந்தது சாம்பல் நிறம். 1939 மே மாதம் ஞாயிறு வண்ணப் பக்கம் தொடங்கியபோது அச்சில் ஊதாவாக வந்துவிட்டது, அப்படியே நின்றுவிட்டது. ஸ்காண்டிநேவியாவில் நீலம், இத்தாலியிலும் துருக்கியிலும் பிரேசிலிலும் சிவப்பு. ஆக நிறம் ஊருக்கு ஊர் மாறியதுதான். ஆனால் அந்த வடிவம், உடலோடு ஒட்டிய உடை, கருவிழி தெரியாத முகமூடி, இடுப்பில் கோடு, மண்டையோட்டு பெல்ட், இது சூப்பர்மேனுக்கே இரண்டு வருடம் முந்தையது. பின்னால் வந்த முகமூடி நாயகர்கள் பலரின் வெள்ளைக் கண்ணுக்கு வழி காட்டியது இதுதான்.

மாற்றிப் பார்த்தவர்களின் கதையும் தெரிந்ததே. 2010-ல் வந்த தொலைக்காட்சிப் படத்தில் கவசம் மாதிரி ஓர் உடையைக் கொடுத்தார்கள். பார்த்தால் ஏதோ பைக் பந்தயக்காரர் போல இருந்தது, முகமூடியின் அடையாளமே போய்விட்டது. அதே வருடம் டைனமைட் நிறுவனம் 'தி லாஸ்ட் ஃபேண்டம்' என்று ஒரு தொடர் தொடங்கி, மனைவியையும் மகனையும் கொன்று, நாயகன் வெறும் உடம்பில் வண்ணம் பூசிக்கொண்டு கிளம்புவதாகக் காட்டியது. அட்டை ஓவியம் அலெக்ஸ் ராஸ், பிரமாதமாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் குடும்பத்தைக் கொல்வதுதான் நவீனம் என்று யார் சொன்னது? வேதாளர் கதையின் முதுகெலும்பே குடும்பம். அதை முறித்துவிட்டு மிச்சத்தை அழகாக வரைந்து என்ன பயன்?

கதைக்குள்ளேயே உடைக்கு ஒரு காரணம் இருக்கிறது. நானூறு வருடமாக ஒரே ஆள் என்று நம்ப வைக்க வேண்டுமென்றால் உடை மாறக் கூடாது. இதைவிட நல்ல காரணம் எந்த நாயகனின் உடைக்கும் இல்லை.

செல்போன், சாட்டிலைட், டிரோன் இருக்கும் காலத்தில் ரகசியக் குகை, சாகாத மனிதர் என்றெல்லாம் நம்ப முடியுமா?

எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் எல்லாரும் இதைப் பிரச்சினையாகப் பார்க்கிறார்கள், நான் வாய்ப்பாகப் பார்க்கிறேன். 1936-ல் வேதாளர் சாகாதவர் என்பதற்கு ஆதாரம் கிழவர்கள் சொன்ன கதை மட்டுமே. இன்று ஒருவன் போனில் அவரைப் படம் எடுக்கிறான் என்று வையுங்கள். அதை இணையத்தில் போட்டதும் இன்னொருவர் தன் தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் போடுகிறார், அதே முகமூடி, அதே தோள், அதே மோதிரம். மூன்றாவது ஒருவர் ஏதோ ஒரு பழைய கப்பல் அதிகாரியின் நாட்குறிப்பில் இருக்கும் கோட்டோவியத்தைக் கொண்டுவருகிறார். கேமரா வந்ததும் புராணம் செத்துவிடும் என்று நினைத்தோம். ஒரு வேடிக்கை, கேமராவே புராணத்துக்குச் சாட்சி சொல்லத் தொடங்கிவிடுகிறது. கண்டுபிடித்துக் கட்டுக்கதை என்று நிரூபிக்கக் கிளம்பும் ஒரு பெண் நிருபர், கடைசியில் தன் கையில் இருக்கும் ஆதாரங்களையே நம்பாமல் திண்டாடுவது எவ்வளவு நல்ல கதை!

ஆனால் வேதாளருக்கே ஹைடெக் கருவிகள் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. 1995-ல் மார்வெல் 22-வது வேதாளரை வைத்து நவீனக் கருவிகள் பொருத்திய உடையோடு முயற்சி செய்தது. 1994-ல் வந்த 'ஃபேண்டம் 2040' அனிமேஷனில் 24-வது வேதாளர், எதிர்கால நகரம், மறைந்துபோகும் உடை. அனிமேஷன் தரமானது, சுற்றுச்சூழல் சீரழிவைப் பற்றி அந்தக் காலத்திலேயே பேசியது, எனக்குப் பிடிக்கும். ஆனாலும் அது தூரத்துச் சொந்தம்தான். 1986-ன் 'டிஃபண்டர்ஸ் ஆஃப் தி எர்த்' அனிமேஷனில் 27-வது வேதாளருக்குப் பத்துப் புலிகளின் பலம் மந்திரம்போல வந்து சேரும். வேதாளர் வெறும் மனிதர், குண்டு பட்டால் ரத்தம் வரும், அதனால்தான் இருபது கல்லறைகள் அந்தக் குகையில் இருக்கின்றன. அவருக்குச் சக்தி கொடுத்த நொடியே அந்தக் கல்லறைகளுக்கு அர்த்தம் இல்லாமல் போகிறது.

அப்படியானால் நல்ல முறையில் நவீனமாக்கிய உதாரணம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 1989-ல் டிசி நிறுவனம் மார்க் வெர்ஹெய்டன் எழுத, லூக் மெக்டொனல் வரைய வெளியிட்ட தொடர். 13 இதழோடு நின்றுபோனது, இன்னும் வருத்தம்தான். உடை அதே, குகை அதே, டயானா அதே. எதிரிகள்தான் மாறினார்கள்: நச்சுக் கழிவைக் கொண்டுவந்து கொட்டுகிறவர்கள், பஞ்சத்தில் லாபம் பார்க்கிறவர்கள், நிறவெறியர்கள். 1536-ல் செய்த சத்தியத்தில் 'பேராசை' என்ற வார்த்தை இருக்கிறது இல்லையா, அதை அவர்கள் உண்மையாகவே எடுத்துக்கொண்டார்கள். கப்பலில் கத்தியோடு வருகிறவன் மட்டும் கொள்ளைக்காரன் கிடையாதே.

அடுத்து டிபால். அவர் எழுதும் தினசரி ஸ்ட்ரிப்பில் 2009-ல் தொடங்கிய நீண்ட கதையில், டயானா குண்டுவெடிப்பில் இறந்துவிட்டதாக எல்லாரும் நம்ப, உண்மையில் அவர் பக்கத்து நாடான ரோடியாவில் கிரேவ்லைன்ஸ் என்ற சிறையில் கிடக்கிறார். ரோடியா கற்பனை நாடு. ஆனால் பெயரைக் கேட்டதுமே ரொடீசியா ஞாபகம் வரும், சிறுபான்மை வெள்ளையர் ஆண்ட நாடு. சர்வாதிகார அரசின் ரகசியச் சிறை, விசாரணை இல்லாமல் காணாமல் போகும் மனிதர்கள் என்று இன்றைய உலகத்தை அப்படியே கொண்டுவந்தார். வேதாளர் அங்கே தன் மனைவி உயிரோடு இருப்பதுகூடத் தெரியாமல் உடைந்துபோயிருப்பார். தினமும் இரண்டு மூன்று கட்டம்தான் வரும், அதில் இவ்வளவு பாரத்தை ஏற்றினார்.

டயானாவுக்கு என்ன செய்யலாம்? பாதிக் கதைகளில் அவரைக் கடத்திக்கொண்டுதானே போகிறார்கள்?

கடத்தலைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. டயானா முதல் கதையிலிருந்தே துணிச்சலானவர், நீச்சல் வீராங்கனை, விமானம் ஓட்டுவார், ஐ.நா.வில் வேலை பார்க்கிறார். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், இருக்கும் வேலையைச் செய்ய விட்டால் போதும். ஐ.நா. வழியாக, சட்டத்தின் வழியாக ஒரு கொடுமையை நிறுத்த அவர் போராடுகிறார், அதே கொடுமையை வேதாளர் கைமுஷ்டியால் நிறுத்தப் போகிறார், எது நிலைக்கும் என்று வீட்டுக்குள்ளேயே வாக்குவாதம் வர வேண்டும். அதில் டயானா ஜெயிக்கும் கதை எனக்கு வேண்டும்.

ஹெலோயிஸ் அடுத்த வேதாளர் ஆகலாமா?

ஆகலாம் என்பதோடு நிறுத்தமாட்டேன், ஆக வேண்டும் என்கிறேன். 'பெண்ணியத்துக்காகத் திணிக்கிறீர்கள்' என்று உடனே ஒருவர் வருவார். 1952-லேயே ஃபாக் ஒரு ஞாயிறு கதையில் ஜூலி என்ற பெண்ணைக் காட்டினார். 17-வது வேதாளரின் இரட்டைச் சகோதரி, அண்ணன் படுத்த படுக்கையாக இருந்தபோது முகமூடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவர் வேலையைச் செய்தவர். ஆக இது புதிதாக யாரும் கொண்டுவந்த யோசனை இல்லை.

டிபாலின் கதைகளில் ஹெலோயிஸ் நியூயார்க்கில் விடுதிப் பள்ளியில் படிக்கப் போகிறாள். அறைத்தோழி கடியா. அவளுடைய அப்பாதான் 'நோமட்' என்ற சர்வதேசப் பயங்கரவாதி, அது கடியாவுக்கே தெரியாது. அந்த ஆளை மடக்குவது ஹெலோயிஸ்தான், அப்பாவின் உதவி இல்லாமல். அந்நேரம் கிட் இமயமலைப் பக்கம் ஒரு மடாலயத்தில் படித்துக்கொண்டிருக்கிறான், அமைதியானவன், சிந்திக்கிறவன். இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் குணம் யாரிடம் இருக்கிறது என்று கதையே சொல்லிவிட்டது. மூத்த மகன்தான், ஆண்தான் என்ற விதியை 1536-ல் ஒருவர் போட்டார். அதை 21-வது வேதாளர் மாற்ற நேரும்போது அவர் மனதில் ஓடுவதை எழுதினால், அது இந்தத் தொடரின் மிகப் பெரிய கதையாக இருக்கும். கிட்டை அவமானப்படுத்தாமல் எழுத வேண்டும், அது முக்கியம். வேண்டாம் என்று மறுப்பதற்கும் ஒரு வாரிசுக்கு உரிமை இருக்கிறதா என்ற கேள்வியை இருபது தலைமுறையும் கேட்கவே இல்லை.

அதற்கு 21-வது வேதாளர் சாக வேண்டுமே, அதை ஏற்றுக்கொள்வீர்களா?

ஏற்றுக்கொள்வேன். கஷ்டமாக இருக்கும், ஆனால் ஏற்றுக்கொள்வேன். பேட்மேனைக் கொன்றால் அடுத்த வருடம் ஏதாவது சாக்கு சொல்லி எழுப்பிவிடுவார்கள், ஏனென்றால் அந்தக் கதைக்கு அவர் இல்லாமல் வழி கிடையாது. வேதாளர் அப்படி இல்லை. அவர் செத்தால் என்ன நடக்கும் என்பது 1936-லிருந்தே எழுதி வைத்தாயிற்று. கல்லறை தயார், நாட்குறிப்புகள் தயார், சத்தியத்தின் வார்த்தைகள் தயார். மற்றத் தொடர்கள் எல்லாம் 'ரீபூட்' என்று சொல்லி வெளியிலிருந்து கொண்டுவரும் மாற்றம், இங்கே கதையின் உள்ளேயே விதையாக இருக்கிறது. ஆனால் 1936-ல் 21-வது ஆளாக அறிமுகமானவர் இன்றும் 21-வது ஆள். 1979-ல் பிறந்த இரட்டையர்கள் இப்போதுதான் பதின்வயதைத் தாண்டப் பார்க்கிறார்கள். கடிகாரம் ஓடுகிறது, ரொம்ப மெதுவாக ஓடுகிறது. என்னைக் கேட்டால் வேதாளரை நவீனமாக்குவதற்கு வேறு எதுவுமே தேவையில்லை, அந்தக் கடிகாரத்தை நேர்மையாக ஓடவிட்டால் போதும்.

டிபால் இதன் விளிம்பு வரை வந்துவிட்டார். 2021-ல் தொடங்கி நீண்ட காலம் ஓடிய கதையில், கிழவர் மோஸ் ஒரு தீர்க்கதரிசனம் சொல்கிறார். சவர்ணா தேவி என்ற இந்தியப் பெண்ணை கிரேவ்லைன்ஸ் சிறையிலிருந்து காப்பாற்றினால், அதன் தொடர்ச்சியாக வேதாளர் முன்னோர்களின் குகைக்குத் திரும்பாமல் எங்கோ தொலைவில் செத்துப்போவார், வம்சமும் முறிந்துவிடும். காப்பாற்றாமல் விட்டால் சத்தியம் பொய். ஒரு நல்ல காரியம்தான் எல்லாவற்றையும் அழிக்கப்போகிறது என்று தெரிந்த பிறகு ஒருவர் என்ன செய்வார்? அந்த நாட்களில் ஒவ்வொரு ஸ்ட்ரிப்பையும் படபடப்போடுதான் படித்தேன். எண்பத்தைந்து வயதான ஒரு தொடர் இப்படிப் பயமுறுத்த முடியும் என்பது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

இன்னும் இருட்டாக, ரத்தமாக எழுதினால் பெரியவர்கள் படிப்பார்கள் இல்லையா?

இல்லை. வேதாளர் கொல்லாமல் இருக்கப் பார்க்கிறவர், தாடையில் ஒரு குத்து, மோதிரம் பதிக்கும் மண்டையோட்டு முத்திரை, அதோடு சரி. அந்த முத்திரை வாழ்நாள் முழுவதும் அழியாது என்பதே போதுமான தண்டனை, போதுமான பயமும்கூட.

பழைய கதைகளைத் தமிழில் மறுபதிப்பு செய்யும்போது சங்கடமான பகுதிகளைத் திருத்தலாமா?

திருத்தக் கூடாது. புதுக் கதையில் என்ன வேண்டுமானாலும் மாற்றுங்கள் என்கிறவன்தான் நான், ஆனால் 1940-களில் வரைந்த படத்தில் ஒரு கட்டத்தை வெட்டி எடுத்தால், அந்தக் காலத்தில் எப்படி நினைத்தார்கள் என்பதற்கான சாட்சியையும் சேர்த்து வெட்டுகிறோம். முன்பக்கத்தில் அரைப் பக்கம் எழுதிப் போடலாம்: எந்த வருடம், யார் வரைந்தது, என்ன பின்னணி. தமிழ் வாசகருக்கு அதைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருக்கிறது. இன்னொரு வேண்டுகோள், ஓவியர் பெயரை அட்டையிலேயே போடுங்கள். ரே மூரின் நிழல் படிந்த பக்கங்களுக்கும், வில்சன் மெக்காயின் எளிய கோட்டுக்கும், 1961 முதல் 1994 வரை வரைந்த சை பேரியின் தெளிவான உருவங்களுக்கும் எவ்வளவு வித்தியாசம்! நம்மில் பலர் மனதில் வேதாளர் என்றால் தோன்றும் முகம் சை பேரி வரைந்தது, ஆனால் அவர் பெயர் தெரியாமலே வளர்ந்தோம்.

மறுபடியும் சினிமா எடுத்தால் எந்தக் காலத்தில் வைக்க வேண்டும்?

1996 படத்தில் பில்லி ஜேன் நடித்தார், கதை 1930-களில் நடந்தது, கோடு போட்ட ஜட்டி இல்லாவிட்டாலும் ஊதா உடையைக் கைவிடவில்லை, வெள்ளைக் குதிரையும் ஓநாயும் இருந்தன. வசூலில் விழுந்துவிட்டது. ஆனால் அதன் மரியாதைக்காக எனக்கு இன்றும் பிடிக்கும். அடுத்து யாராவது எடுத்தால் ஒரே படத்தில் மூன்று தலைமுறையைக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. நாட்குறிப்புகளை ஹெலோயிஸ் படிக்கிறாள், 1600-களில் ஒரு வேதாளர், 1930-களில் ஒருவர், இன்று அவள் அப்பா. ஒரே முகமூடி, ஒரே வசனம், வேறு வேறு முகங்கள். இதைத் திரையில் செய்ய இந்த ஒரு தொடருக்கு மட்டுமே வசதி இருக்கிறது, இதுவரை ஒருவரும் முழுசாகச் செய்யவில்லை.

புதிதாகப் படிக்க வருகிறவர் எங்கிருந்து தொடங்கலாம்?

1936-ன் முதல் கதையிலிருந்து தொடங்காதீர்கள், அதை அப்புறம் படிக்கலாம். 1960-களின் சை பேரி காலத்துக் கதைகளில் லுவாகா, பபாபு வருபவற்றை எடுங்கள், வேதாளரும் நாடும் ஒன்றாக வளர்வது தெரியும். பிறகு ஜூலியின் கதை. அதற்குப் பிறகு கிரேவ்லைன்ஸ் சிறைக் கதைகளை வரிசை மாறாமல் படியுங்கள், நடுவில் நுழைந்தால் யார் யாரைத் தேடுகிறார்கள் என்றே புரியாது. ஆங்கிலத்தில் படிக்க முடிந்தவர்களுக்கு ஹெர்மிஸ் பிரஸ் பழைய ஸ்ட்ரிப்களைத் தொகுப்பாக வெளியிட்டிருக்கிறது, ஃப்ரூவின் இதழ்களும் உண்டு. தமிழில் பழைய முத்து, ராணி இதழ்கள் பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விலை அதிகம் என்று விட்டுவிடாதீர்கள். 1977 கல்யாணக் கதையை மட்டும் உடனே எடுக்க வேண்டாம், அதற்கு முந்தைய டயானா கதைகள் நான்கைந்தாவது படித்துவிட்டு எடுங்கள்.